சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்

1

போன வாரம் என் மகன் கதிருக்குத் தபாலில் ஒரு கிரெடிட் கார்டு வந்தது. பதினெட்டு வயது இப்போதுதான் முடிந்திருக்கிறது. யுனிவர்சிட்டியில் புது மாணவர்களை வரவேற்கும் வாரமாம். புல்வெளியில் ஒரு பேங்க் கூடாரம் போட்டு, பலூன் கட்டி, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் பீட்சா கொடுத்திருக்கிறது. வீட்டில் நான் சமைத்துப் போடுவதை முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்கிற பிள்ளை, ஒரு துண்டு பீட்சாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறது.

நான் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். அவன் கார்டைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தன் பெயருக்கு வந்த தபாலை நான் பிரித்ததே இந்த நாட்டில் குற்றம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். குற்றமென்றால் போலீசைக் கூப்பிடு என்று நான் தமிழில் கத்தினேன். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் சண்டை ஆளுக்கொரு மொழியில்தான் நடக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயிலுக்குப் போன் போட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு அப்பாவோடு பேசுகிற நாள். அவரைக் கோர்ட்டு வரை இழுத்துப்போன அந்தப் பழைய கார்டுக் கடனைப் பற்றி ஒரு கடிதம் எழுதி அனுப்பச் சொன்னார். எப்படி எழுத வேண்டும் என்றும் சொன்னார். நாலு வரிக் கடிதம்தான். நாலு நாளாக எழுத முடியவில்லை. பேனாவை எடுத்தால் கோபம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கோபத்தையெல்லாம் முதலில் இங்கே கொட்டிவிடுகிறேன். ஆபீஸ் காகிதத்தில் கோபம் இருந்தால் அப்பாவுக்குப் பிடிக்காது.

2

அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வெல்டர். நான் ஒரே பெண். பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில். அந்த வாழ்க்கையில் ஒரு விஷயத்தை வெளியில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போய் எதற்கும் பணம் கட்டியதே கிடையாது.

வீட்டு வாடகை, கரண்ட், தண்ணீர், பி.எஃப்., கூட்டுறவுச் சொசைட்டிக் கடன், சைக்கிள் கடன், பண்டிகை முன்பணம், யூனியன் சந்தா, எல்லாமே சம்பளத்தில் பிடித்தம். கூட வேலை செய்தவர் செத்துப்போனால் அவர் குடும்பத்துக்குக் கொடுக்கிற பணம்கூடப் பிடித்தம்தான். எல்லோரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் அப்பா கைக்கு வரும். அதைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சம்பளச் சீட்டை மட்டும் தான் வைத்துக்கொள்வார். நான் கல்யாணமாகி அம்பத்தூரில் குடித்தனம் போனபோது, கரண்ட் பில் கட்ட வரிசையில் நின்ற கதையைச் சொன்னேன். அப்பா நம்பவில்லை. "ஏம்மா, அவங்களே புடிச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

என் கணவர் சேகர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். நான் அங்கேயே வேறொரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்களுக்கு நியூசிலாந்து விசா கிடைத்தபோது அப்பாவுக்குத்தான் அதிகம் சந்தோஷம். டிக்கெட்டுக்குச் சொசைட்டியில் கடன் போட்டார். அந்த மாதச் சம்பள நாளன்றுதான் தொழிற்சாலை வாசலில் டை கட்டிய ஒரு பையன் குடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வெளிநாட்டு பேங்கின் கார்டு. மத்திய அரசு ஊழியர் என்றால் உடனே கொடுக்கிறார்கள் என்று வாசலில் ஒரே கூட்டம்.

அந்தப் பையன் அப்பாவிடம் கேட்டது என்ன தெரியுமா? டோக்கன் நம்பர். எந்த செக்‌ஷன். சம்பளச் சீட்டு ஒரு காப்பி. அப்பாவின் முப்பது வருஷ சர்வீஸில் இந்த மூன்றையும் கேட்டவர்கள் எல்லோரும் சம்பளத்தில் பிடிக்கிறவர்கள்தான். அப்படியும் அவர் வாயைத் திறந்து கேட்டிருக்கிறார்.

"இது சம்பளத்துல புடிச்சுக்குவீங்களா, தம்பி?"

"எல்லாம் ஆட்டோமேட்டிக் சார். நீங்க கவலையே பட வேணாம்."

இந்த ஒரு பதிலுக்காக அந்தப் பையனை நான் இன்னும் மனதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அவனுக்குக் கார்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன். அப்பாவுக்கு அது அரசாங்கம் சொன்ன மாதிரி.

புரசைவாக்கத்தில் ஒரு கடையில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி இரண்டு, எனக்கும் சேகருக்கும் ஸ்வெட்டர், கதிருக்கு ஒரு கம்பளிக் கோட்டு, ஷூ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஒன்பதாயிரத்துச் சொச்சம். கடைக்காரர் கார்டைக் கார்பன் தாளுக்கு அடியில் வைத்து மெஷினை இழுத்தபோது, அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. அந்தக் கார்டை அவர் அதற்கு முன்னாலும் உபயோகிக்கவில்லை, பின்னாலும் உபயோகிக்கவில்லை. ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்துவிட்டார்.

நாங்கள் விமானம் ஏறிய அடுத்த மாதம் சம்பளச் சீட்டில் சொசைட்டிப் பிடித்தம் கூடியிருந்தது. அது டிக்கெட்டுக்குப் போட்ட கடன். சொசைட்டி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகத்தான் போடும். அப்பா அந்தத் தொகையைப் பார்த்தார், கார்டுக்கும் சேர்த்துப் பிடிக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்துவிட்டார். பேங்கிலிருந்து மாதாமாதம் வந்த ஆங்கிலத் தாள்களைப் பிடித்தத்தின் கணக்கு என்று நினைத்துச் சம்பளச் சீட்டோடு சேர்த்துக் கோப்பில் போட்டார். பாக்கி பாக்கி என்று அதில் வந்துகொண்டிருந்ததை யாரோ படித்துச் சொன்னபோதும், நம்ம ஆபீஸ் எப்பவும் லேட்டாகத்தான் பணம் அனுப்பும் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கேட்டபோது சேகரும் சிரித்தார். ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

3

தொழிற்சாலையில் ஒருவர் ரிட்டையர் ஆனால், அன்றைக்குச் சாயங்காலம் செக்‌ஷன் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மாலை போட்டு, வேனில் முன்னால் உட்கார வைத்து, குவார்ட்டர்ஸ் தெருவெல்லாம் சுற்றி வருவார்கள். வீட்டு வாசலில் ஷாமியானா, வாடகை நாற்காலி, ஸ்வீட், மிக்ஸ்சர், காபி. ஆளாளுக்கு எழுந்து பேசுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த மனிதருக்கு நடக்கிற ஒரே மரியாதை அதுதான். அப்போது பக்கத்து வீட்டில் இருந்த சுலைகா அக்காவின் கணவருக்கு நடந்தபோது, தனக்கும் இப்படி நடக்கும் என்று அப்பா சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அப்பாவின் அந்த நாளுக்கு நான் போக முடியவில்லை. நடந்ததையெல்லாம் சுலைகா அக்காதான் போனில் சொன்னார். பூந்தமல்லிக்காரர். மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிறவர்.

பைக்கில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். வேறு செக்‌ஷன் ஆட்கள் என்று நினைத்து உட்காரச் சொல்லித் தட்டு கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் சாவகாசமாக மிக்ஸ்சரைத் தின்றுகொண்டு, ஃபோர்மேன் அப்பாவைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருஷத்தில் ஒரு மெமோ வாங்காத மனிதர் என்று ஃபோர்மேன் சொல்லி முடித்ததும், அதில் ஒருத்தன் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தான்.

"இன்னா பெர்சு, மாலய மாட்டிக்கினு ஜம்முனு குந்திக்கினு கீறே? பேங்குல வாங்கித் துன்ன துட்ட எவன் கட்டுவான்?"

அப்பா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாராம். "சம்பளத்துல புடிக்கிறாங்களே" என்று மட்டும் சொன்னாராம். வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவர்கள் மட்டுமா? கூட்டத்திலும் யாரோ சிரித்தது கேட்டது என்று சுலைகா அக்கா சொன்னார். அவர்தான் போய் அந்த ஆளின் எதிரில் நின்றிருக்கிறார்.

"மொதல்ல அந்தத் தட்டக் கீழ வை. அந்தாளு ஊட்டு ஸ்வீட்ட வாயில வெச்சிக்கினே அந்தாளக் கேள்வி கேக்குறியா நீ?"

தட்டை வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் போகும்போது கோர்ட்டு என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் எழுந்து பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை வருகிற சாயங்காலம் அது. ஒன்பதாயிரம் ரூபாய்க்காக அதைக் கெடுத்துவிட்டார்கள்.

ரிட்டையர் ஆனவர் இன்னும் சில மாதம் குவார்ட்டர்ஸில் இருக்கலாம். அப்பா இருக்கவில்லை. அந்த மாதமே திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டுக்காரர்களைப் பார்த்து வணக்கம் சொல்ல முடியவில்லை என்று அம்மா காரணம் சொன்னார்.

4

ஆக்லாந்தில் எங்கள் வாழ்க்கையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் இங்கே டாலர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். டிப்ளமோ படித்த சேகர் டாக்சி ஓட்டுகிறார். நான் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் விரிப்புகளை மடிக்கிறேன். விடியலில் பஸ் பிடித்தால் வெளிச்சம் போகும்போது திரும்புகிறேன். ஊரில் மடிப்புக் கலையாத புடவை கட்டி டைப் அடித்தவள், இங்கே அடுத்தவன் படுத்த துணியை மடிக்கிறேன். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஆனால் போட்டோவில் அது தெரியாது. போட்டோவில் பின்னால் கார் நிற்கும்.

பூந்தமல்லி கோர்ட்டிலிருந்து அப்பாவுக்குச் சம்மன் வந்திருப்பதாக அம்மா அழுதுகொண்டே பேசியபோது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதாயிரம் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டிருந்தது. வட்டி, வட்டிக்கு வட்டி, தாமதக் கட்டணம், அவர்கள் ஆள் வந்து திட்டிவிட்டுப் போனதற்கும் ஒரு கட்டணம். பென்ஷனை நிறுத்திவிடுவோம் என்று யாரோ போனில் மிரட்டியிருக்கிறான். அப்படியெல்லாம் நிறுத்த முடியாது என்று வக்கீல் சொன்னது பிறகு. மிரட்டினபோது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது தெரியாதே. வாரக்கணக்கில் சாப்பாடு இறங்காமல் கிடந்திருக்கிறார்கள்.

சம்பளமில்லாத லீவு கேட்டேன். எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டாள். அப்பாவின் கிரெடிட் கார்டு என்று சொன்னதும் அவள் புருவம் ஏறியது. இந்த ஊரில் அப்பா கடனுக்கு அப்பாதான் பொறுப்பு, மகள் விமானம் ஏறுவதில்லை. ஊரிலிருந்து செவ்வாய்க்கிழமை கிளம்பி வியாழக்கிழமை வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இங்கே எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

ஊரில் இறங்கியதும் அப்பா என்னை உட்கார வைத்துத் தன் திட்டத்தைச் சொன்னார். சமரசம் எதுவும் வேண்டாம். திங்கட்கிழமை ஹியரிங். ஜட்ஜ் முன்னால் போய் நிற்பார். வாங்கினேன், கட்டவில்லை, சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன், இதோ சம்பளச் சீட்டு என்று காட்டுவார். வாங்கிய பணத்தையும் நியாயமான வட்டியையும் மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்வார். ஒவ்வொரு சீட்டிலும் சொசைட்டித் தொகைக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். வக்கீலோ, வழக்கு நடத்தினால் வருஷக்கணக்கில் இழுக்கும், ஹியரிங்குக்கு முன்னால் பேசி முடித்தால் பாதிக்குக் கீழே வருவார்கள் என்றார். நான் வக்கீல் பக்கம் சேர்ந்தேன். வருஷக்கணக்கில் அப்பா கோர்ட்டு வாசலில் நிற்பதை ஆக்லாந்திலிருந்து எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

5

சனிக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். பேங்க் நேரில் பேசாதாம். அதற்கென்று ஒரு வசூல் ஏஜென்சி, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் டயர் கடைக்கு மேலே மாடியில். ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் மேனேஜரைப் பார்த்துச் சுற்றியது. கதிரைவிடப் பத்து வயது மூத்தவனாக இருப்பான். முதலில் இருபதாயிரம் என்றான். அப்பா இருக்கிற இடத்தில் நான் பேசுவது சரியில்லை என்று சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இன்னிக்கே முடிச்சிடுங்க, செவ்வாய்க்கிழமை எனக்கு ஆக்லாந்துக்கு ஃபிளைட்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் நிமிர்ந்து என் செருப்பிலிருந்து கைப்பை வரை ஒருமுறை பார்த்தான். ஹெட் ஆபீசில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனான். திரும்பி வந்தபோது இருபத்து நாலாயிரம். அப்ரூவல் இதற்குத்தான் வந்திருக்கிறது மேடம் என்று இப்போது ஆங்கிலத்தில் பேசினான். என் விமான டிக்கெட்டுக்கு அவன் போட்ட விலை நாலாயிரம். அங்கே நான் விரிப்பு மடிக்கிறேனடா என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

பிறகு ஒரு கடிதத்தை நீட்டினான். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய சமரசக் கடிதம், ஆங்கிலத்தில். அப்பா விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். நடுவில் ஒரு வரியில் விரல் நின்றுவிட்டது. இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். சும்மா சட்ட வார்த்தை என்றேன். அர்த்தத்தைச் சொல்லு என்றார்.

"வேணும்னே கட்டாம ஏமாத்தினதா எழுதியிருக்குப்பா."

அப்பா பேனாவை மூடி மேசையில் வைத்தார். மேனேஜரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், நிதானமாகச் சொன்னார்.

"நான் வாங்கினது நெசம். கட்டாதது நெசம். வேணும்னேன்றது பொய். அந்த ஒரு வரிய எடுத்துட்டுக் குடுங்க தம்பி, இப்பவே போட்டுடறேன்."

எல்லோருக்கும் ஒரே ஃபார்மேட்தான், மாற்ற முடியாது என்றான். வேண்டாமென்றால் திங்கட்கிழமை கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம், அப்போது முழுத்தொகை என்றான். நான் எழுந்துவிட்டேன். ஆட்டோமேட்டிக் என்று சொல்லி ஏமாற்றியது யார், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பையனைக் கூப்பிடு, அவன் பெயரையும் இந்தக் கடிதத்தில் எழுது என்று கத்தினேன். கீழே டயர் கடை வரை கேட்டிருக்கும். அவன் அசையவே இல்லை. "கார்டு விக்கிறவங்க வேற மேடம், நாங்க வேற. அந்தப் பையன்லாம் இப்ப வேலையிலேயே இல்ல" என்றான்.

நான் உட்கார்ந்தேன். அப்பாவிடம், போட்டுடுங்கப்பா என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"லீவ நீட்டுனா வேல போயிடுமாம்மா?"

"போயிடும்ப்பா."

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். சம்பளப் பட்டியலில் போடுகிற அதே முழுக் கையெழுத்து, ஒரு எழுத்தும் விடாமல். நான் தப்பு செய்துவிட்டேன் என்று இப்போது ஊர் முன்னால் கண்ணீர் விடுவதற்காக இதை எழுதவில்லை. மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதையேதான் சொல்வேன். இருக்கிற இரண்டு வேலையில் ஒன்று போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. என் கோபமெல்லாம், ஒரு பொய்யில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பணத்தையே வாங்குவோம் என்று உட்கார்ந்திருந்த அந்த மாடி அறையின் மேல்தான்.

6

திங்கட்கிழமை நீங்கள் வரவே வேண்டாம் என்று வக்கீல் சொன்னார். அப்பா வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மஞ்சள் பையில் சம்பளச் சீட்டுகள். பூந்தமல்லி கோர்ட்டு வராந்தாவில் காலையிலிருந்து நின்றோம். உட்கார இடம் கிடைத்தபோதும் அவர் உட்காரவில்லை, சட்டை கசங்கிவிடும் என்றார்.

மதியத்துக்கு மேல் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேங்க் வக்கீல் எழுந்து, பேசி முடித்துக்கொண்டாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி ஒரு தாளை நீட்டினார். ஜட்ஜ் குனிந்தபடியே ஏதோ எழுதினார். அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பையின் வாய் திறந்திருந்தது. டவாலி வந்து அவர் தோளைத் தொட்டார்.

"முட்ஞ்சிச்சு பெரியவரே, நகுருங்க."

"என்னை ஒண்ணும் கேக்கலியே?"

"கேக்கறதுக்கு இன்னா கீது? அதான் பணம் கட்டியாச்சில்ல."

பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அப்பா மடியில் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஜட்ஜ் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டார். "தலைய நிமுத்தவே இல்ல" என்றார் அப்பா. சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். மறுநாள் என்னை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வரவில்லை, கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

7

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நான் போன் போட்டபோது, சாதாரணமாகக் கதிர் படிப்பைப் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, "இந்த மாசப் பிடித்தம் போட்டாச்சும்மா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா போனை வாங்கி விளக்கினார். நான் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் போஸ்ட் ஆபீசில் தொடங்கிய கணக்கு ஒன்று என் பெயரில் சும்மா கிடக்கிறது. பென்ஷன் வந்த அன்றைக்கே அதில் ஆயிரம் ரூபாய் போட்டுவிட்டு வந்திருக்கிறார். பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு. நான் கட்டிய இருபத்து நாலாயிரமும் தீருகிறவரை போடப் போகிறாராம்.

கத்தினேன். நான் என்ன பேங்க்காரனா, உங்களிடம் வந்து கேட்டேனா என்றேன். மாதாமாதம் கத்தினேன். டெலிபோன் கார்டில் பாதிப் பணம் அந்தச் சண்டைக்கே போனது. பேப்பரை நிறுத்திவிட்டார், கண்ணாடி மாற்றுவதைத் தள்ளிப்போட்டுவிட்டார், ஆவடிக்குப் பஸ் ஏறாமல் நடந்தே போகிறார் என்று அம்மா பட்டியல் போடுவார். அப்பா மட்டும் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. "உங்கிட்ட வாங்கினா கடன் இல்லியா?" என்பார். இன்னொரு மாதம், "மொதல்லியே எடுத்து வெச்சிட்டா கஷ்டம் தெரியாதும்மா, எங்களுக்கெல்லாம் பழக்கம்தான" என்றார். எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. மகள் கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதர் என்று சேகரிடம் திட்டித் தீர்த்தேன்.

போன ஞாயிறு, அந்தப் பிடித்தம் முடிந்துவிட்டது என்றார். குரலில் ஒரு தெம்பு இருந்தது. ரொம்ப நாளாகக் கேட்காத குரல்.

"பாக்கி ஒண்ணும் இல்லன்னு ஒரு கடுதாசி எழுதி அனுப்பும்மா. பேங்குக்காரன் வெச்சிருந்தான் பாரு, அந்த மாதிரி. ஆனா அந்த ஒரு வரி மட்டும் இல்லாம எழுது. சாட்சி ஒருத்தர் கையெழுத்து இருக்கணும்."

டெலிபோன் கார்டில் நிமிஷம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். இரண்டு வருஷமாக அவர் மேல் பட்ட ஆத்திரமெல்லாம் எங்கே போய் முட்டுவது என்று தெரியாமல் சமையலறையில் நின்றேன். பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த ஒரு வரியை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நேற்று ராத்திரி கடிதத்தை எழுதிவிட்டேன். இவ்வளவுதான்.

'ஆவடி தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தை, கார்டு மூலம் வாங்கிய பொருள்களுக்கான பணத்தை என்றைக்கும் மறுத்ததில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று அவரிடம் சொன்னார்கள், அவர் நம்பினார். வேண்டுமென்றே கட்டாமல் இருக்கவில்லை. அவருக்காக நான் கட்டிய தொகையை முழுவதும் செலுத்திவிட்டார். இனி அவர் யாருக்கும் பாக்கி இல்லை. இப்படிக்கு, மங்கை.'

சாட்சிக்குக் கதிரைக் கூப்பிட்டேன். கார்டுச் சண்டைக்குப் பிறகு அன்றுதான் முகம் பார்த்துப் பேசினோம். பேனாவைக் கொடுத்து இங்கே போடு என்றேன். அவன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தமிழ் எழுத்து அவனுக்கு மறந்தே போய்விட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். பீட்சாவுக்குப் போட்டாயே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். நடுவரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னான். படித்தேன். குனிந்து, தன் பெயரை முழுவதுமாக எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இன்று காலை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். அப்பா இதை யாரிடமும் காட்டப் போவதில்லை. பீரோவைத் திறந்து, அந்தச் சமரசக் கடிதத்துக்கு மேலே வைத்து மூடுவார்.